குண்டூசி தாங்கும் மலை!

ஒரு மலையைக் கண்டால் நாம் உச்சியில் ஒரு முருகனை உட்கார வைப்போம். நார்வேக்காரர்கள் அடியில் ஓட்டை போட்டுவிடுவார்கள்.

மிகைப்படுத்தவில்லை. அந்த நாட்டில் சாலைச் சுரங்கங்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். ஜனத்தொகையோ சுமார் 55 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஐயாயிரம் பேருக்கு ஒரு சுரங்கம்! (பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் வகுத்துப் பார்க்கத் தோன்றும். மன்னிக்கவும்.) நம் ஊரில் ஐயாயிரம் பேருக்கு ஒரு ரேஷன் கடை கிடைத்தால் எவ்வளவு சௌகரியம்!

ஓஸ்லோவிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம் வடக்கே போனால் யோவிக் என்று ஒரு சின்ன ஊர். எழுதும்போது முன்னால் ஒரு 'ஜி', ஒரு 'ஜே' எல்லாம் தாராளமாகப் போடுகிறார்கள். படிக்கும்போது ஒன்றை விழுங்கிவிட்டு 'யோவிக்' என்கிறார்கள். ஊரின் காலடியில் மியோசா ஏரி. நார்வேயிலேயே பெரிய ஏரி அதுதான். கோடையில் அதில் 'ஸ்கிப்ளாட்னர்' என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் ஓடுகிறது. 1856-ல் வெள்ளோட்டம் விட்டது. நம்ம சிப்பாய்க் கலகத்துக்கு ஒரு வயது மூத்த கப்பல்! இன்னும் டைம்டேபிள் போட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் நான் பார்க்கப் போனது ஏரியையோ கப்பலையோ அல்ல. ஊருக்கு நடுவில் இருக்கும் ஒரு குன்றின் வயிற்றை.

அழைத்துப்போனவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். நண்பரின் சொந்தக்காரர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. எண்பதுகளில் இங்கே படிக்க வந்தவர். பிறகு திரும்பிப் போக ஊரில் நிலைமை சரியில்லை. மீன் தொழிற்சாலையில் கொஞ்ச காலம், அப்புறம் சுரங்க வேலைகளுக்குக் கான்க்ரீட் ஏற்றிப் போகும் லாரியில் பல காலம். இப்போது ரிட்டயர்டு. "தம்பி, உங்களை ஒரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். சுற்றிலும் பார்த்தேன். கடைகள், வீடுகள், சைக்கிளில் ஒரு பாட்டி. ஸ்டேடியம் எதுவும் கண்ணில் படவில்லை.

"எங்கே அண்ணே?"

"உதுக்குள்ள" என்று பாறையைக் காட்டினார்.

சினிமா தியேட்டர் வாசல் மாதிரி ஒரு வாசல். உள்ளே நடந்தால் ஒரு குகைப் பாதை. நூறு மீட்டருக்கு மேல் போனதும் திடீரென்று அடிவயிறு ஜில்லென்றது. எதிரில் ஒரு மாபெரும் மண்டபம்! 61 மீட்டர் அகலம், 91 மீட்டர் நீளம், 25 மீட்டர் உயரம். ஐயாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். உள்ளே ஒரு எட்டு மாடிக் கட்டடத்தை நிறுத்தலாம். 1994-ல் லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தபோது ஐஸ் ஹாக்கி பந்தயங்கள் பலவும் இந்தக் குகைக்குள்தான் நடந்தன.

ஸ்டேடியம் கிடக்கட்டும். நான் தேடியது தூணை. 61 மீட்டர் அகலத்துக்கு ஒரு தூண்கூட இல்லை! தலைக்கு மேலே 25 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை கெட்டிப் பாறை. அதற்கு மேலே வேறு ஆட்கள் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் எது தாங்குகிறது?

"பத்து சென்டிமீட்டர் கொங்கிறீட்" என்றார் அண்ணன்.

பத்து சென்டிமீட்டர் என்றால் அரைச் சாண்கூட வராது. வீட்டு மொட்டைமாடித் தளத்தைவிட ஒல்லி! என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே விளக்கம் சொன்னார். அதை நம் பாஷையில் சொல்கிறேன்.

நெரிசல் நேரத்து பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமலே நிற்கலாம் அல்லவா? நாலாப் பக்கமும் ஜனம் நெருக்குவதால் விழவே முடியாது. பாறையும் அப்படித்தான். பக்கவாட்டில் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு வளைவாக நிற்கும். தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். ஆனால் ஸ்டாப்பிங்கில் ஓரத்து ஆள் ஒருவர் இறங்கினால் போதும், பக்கத்தில் இருப்பவர் ஆடுவார், அவரைத் தொட்டு அடுத்தவர்... ஆகவே அந்த முதல் ஆளை இறங்க விடக்கூடாது. முதல் கல் நழுவக்கூடாது. 6 மீட்டர் நீளக் கம்பிகளையும் 12 மீட்டர் நீள இரும்பு வடங்களையும் பாறைக்குள் துளை போட்டுச் செருகி இறுக்குகிறார்கள். அவற்றுக்கு இடையில் சின்னக் கற்கள் உதிராமல் பிடித்துக்கொள்ள, மேலே கான்க்ரீட்டைப் பீச்சியடித்து ஒரு தோல் போர்த்துகிறார்கள்.

குகையைக் குடைந்து முடித்த பிறகு கூரை எவ்வளவு இறங்கியது என்று கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். 7, 8 மில்லிமீட்டர். அதாவது ஒரு பென்சிலின் தடிமன்! அந்த அளவுக்குத்தான் இறங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லியும் இருந்தார்கள். நம் ஊரில் காம்பவுண்டு சுவர் கட்டிய ஆறு மாதத்தில் எவ்வளவு இறங்கும் என்று யாராவது கணக்குப் போட்டுச் சொன்னதுண்டா?

"அந்தத் தோல் சும்மா கொங்கிறீட் இல்லை தம்பி. அதுக்குள்ள ஒரு சாமான் இருக்குது" என்றார் அண்ணன்.

காருக்கு வந்ததும் டாஷ்போர்டுக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு பொடி டப்பாவை எடுத்தார். உள்ளே ஏழெட்டு இரும்பு இழைகள். ஸ்டேப்ளர் பின்னை நிமிர்த்தி, இரண்டு முனையையும் லேசாக மடித்தது போல. நீளம் மூன்றரை சென்டிமீட்டர், கனம் அரை மில்லிமீட்டர் சொச்சம். குண்டூசிக்குப் பெரியப்பா பிள்ளை என்று சொல்லலாம்.

இதுதானா மலையைத் தாங்குகிறது!

கான்க்ரீட் ஒரு விசித்திரப் பிறவி. தலையில் எவ்வளவு வைத்தாலும் முனகாமல் சுமக்கும். கையைப் பிடித்து இழுத்தால் போச்சு! அழுத்தத்தைத் தாங்கும் பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இழுவையைத் தாங்கும். ஒரு மெல்லிய கீறல் விழுந்தால் இழுவை பூராவும் அந்தக் கீறலின் முனையில் போய்க் குவிந்துகொள்ளும். அப்புறம் ஆபீஸில் வதந்தி ஓடுகிற மாதிரி ஒரே ஓட்டம். 'படக்'கென்று இரண்டு துண்டு.

இதற்குத்தான் கம்பி கட்டுகிறோம். ஆனால் கம்பி என்பது பெரிய அதிகாரி மாதிரி. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் அவர் அதிகாரம். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் விழும் கீறலை அவர் கண்டுகொள்ள மாட்டார். இழை அப்படியல்ல. தெருவுக்குத் தெரு நிற்கும் பீட் கான்ஸ்டபிள். கான்க்ரீட்டைக் கலக்கும்போதே கொட்டிவிடுவதால் எல்லாத் திசையிலும் எல்லா மூலையிலும் இருக்கும். கீறல் எங்கே தலைகாட்டினாலும் குறுக்கே ஒருவர் நிற்பார்.

கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. ஒரு கன மீட்டர் கான்க்ரீட்டுக்குப் பெரும்பாலும் 20-லிருந்து 50 கிலோ வரை இழை போடுகிறார்கள். 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கன அளவில் அது இருநூறில் ஒரு பங்குதான். எண்ணிக்கையில்? ஒரு இழையின் எடையை வைத்துப் பெருக்கிப் பார்த்தால் சுமார் ஆறு லட்சம்! ஒரு மீட்டர் சதுரப் பெட்டிக்குள் ஆறு லட்சம் கான்ஸ்டபிள்கள்.

இன்னொரு விஷயம். இழை போட்டால் கான்க்ரீட் இன்னும் பாரம் சுமக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. அழுத்தம் தாங்கும் பலம் அப்படியொன்றும் கூடிவிடாது. முதல் கீறல் விழுவதும் பெரிதாகத் தள்ளிப்போகாது. கீறல் விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் மாறுகிறது. கீறல் திறக்க வேண்டுமென்றால் இழைகளைப் பிடுங்கியாக வேண்டும். அது ஆணி பிடுங்குவது மாதிரி. முனைக் கொக்கி நிமிர வேண்டும், நிமிர்ந்ததை உராய்ந்து உராய்ந்து இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழையும் கொஞ்சம் கொஞ்சமாக சக்தியை வாங்கிக்கொள்கிறது. வெறும் கான்க்ரீட் மாரடைப்பில் போகிற ஆசாமி. இழை போட்டது படுத்த படுக்கையாக ஆறு மாதம் இருந்து, பிள்ளைகளை எல்லாம் ஊரிலிருந்து வரவழைத்து, சொத்தையும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போகிற ஆசாமி. நடுவில் டாக்டரைக் கூப்பிட நேரம் இருக்கிறது!

இதற்கு ஒரு பரீட்சையும் உண்டு. பத்து சென்டிமீட்டர் தடிமனில் ஒரு பலகை வார்த்து, நடுவில் அழுத்துகிறார்கள். உடைந்ததும் நிறுத்துவதில்லை! நடுப்பகுதி 25 மில்லிமீட்டர் தாழும்வரை அழுத்திக்கொண்டே போய், அதுவரை எவ்வளவு சக்தியை விழுங்கியது என்று பார்க்கிறார்கள். 500, 700, 1000 ஜூல் என்று மூன்று வகுப்பு. 700 ஜூல் என்றால் 70 கிலோ ஆள் ஒருவரை ஒரு மீட்டர் உயரம் தூக்குகிற வேலை. கான்க்ரீட் பாஸா பெயிலா என்பதை அது உடைந்த பிறகு தீர்மானிக்கிறார்கள். மனிதர்களுக்கும் இப்படி ஒரு பரீட்சை வைக்கலாம்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. மண் சுவருக்கு வைக்கோல் போட்டு மிதித்த பாட்டன்மாருக்கு எல்லாம் தெரியும். கான்க்ரீட்டில் இரும்புத் துணுக்கைக் கலக்க 1874-லேயே அமெரிக்காவில் ஒருவர் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் சரியான விஞ்ஞானம் பிறந்தது 1963-ல். ரொமுவால்டி, பேட்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள், நெருக்க நெருக்கமான கம்பிகள் கீறலை எப்படி மறிக்கின்றன என்று எழுதிய ஆராய்ச்சிக்குப் பிறகுதான் உலகம் நிமிர்ந்து பார்த்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய் மலைக்குள் நுழைந்ததில் நார்வேக்காரர்கள் முன்வரிசை.

மேற்கே கார் ஓடியது. பாகர்னெஸ் என்ற ஊரைத் தாண்டி, ஃபிலஃப்யெல் மலைமேட்டில் ஏறி இறங்கினால் போர்குன் என்ற இடத்தில் ஒரு மரச் சர்ச். 800 வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. கூரை நுனிகளில் டிராகன் தலைகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. மழையில் நனைந்துகொண்டு நானும் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். அண்ணன் ஃபிளாஸ்கில் இருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "இனித்தான் என்ர இடம் வரப்போகுது" என்றார்.

அவர் இடம் என்றால் லேர்டால் சுரங்கம். லேர்டாலுக்கும் அவுர்லான்டுக்கும் நடுவில் 24.5 கிலோ மீட்டர்! 1995-ல் தொடங்கி, 2000 நவம்பர் 27-ஆம் தேதி மன்னர் ஐந்தாம் ஹரால்ட் திறந்து வைத்தார். இதையும் மிஞ்சி 26 கிலோ மீட்டருக்கு மேல் கடலுக்கு அடியில் ரோக்ஃபாஸ்ட் என்று ஒன்றைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். செலவு? சுமார் 108 கோடி குரோனர். எண்ணைப் பாருங்கள், அர்ச்சனை செய்துதான் ஆரம்பித்தார்களோ என்னவோ! டோல் கேட் கிடையாது. கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது.

உள்ளே நுழைந்தோம். அண்ணன் வேகத்தைக் குறைத்தார். குரலையும்.

"இதுக்கு மேல சில இடத்தில ஆயிரத்து நானூறு மீட்டர் மலை இருக்குது தம்பி. அவ்வளவு பாரத்தையும் தாங்கிக்கொண்டு இருக்கிற கல்லில நாங்கள் ஓட்டை போட்டா, அது சும்மா இருக்குமோ? வெடிக்கும். எங்கட வெடிமருந்தில்லை. கல்லு தானா வெடிக்கும். 'டப்'பெண்டு ஒரு சத்தம், தட்டுத் தட்டாக் கல்லு தெறிக்கும்."

"துப்பாக்கி மாதிரியா?"

"அதே சத்தம்தான்." சற்று நேரம் ரோட்டையே பார்த்தார். "முதல் நாள் கேட்டவுடன நான் நிலத்தில குப்புறப் படுத்திட்டன். ஊர்ப் பழக்கம். தலைக்கு மேல கையை வச்சுக்கொண்டு கிடந்தன். எழும்பவே மனம் வரேல்லை."

நான் எதுவும் கேட்கவில்லை.

"ஃபோர்மன் வந்து கையைப் பிடிச்சுத் தூக்கினான். சிரிக்கேல்லை. 'மலை கதைக்குது. அது கதைக்கேக்க நாங்கள் கிட்டப் போறேல்லை, மெஷினைத்தான் அனுப்புவம்' எண்டான். எனக்கு அது பெரிய ஆறுதல் தம்பி. நான் வந்த இடத்தில சத்தம் கேட்ட பக்கம் மனுசரைத்தான் அனுப்பினவங்கள்."

இந்தக் குண்டூசியின் நிஜமான மகிமை அங்கேதான் எனக்குப் புரிந்தது. முன்காலத்தில் பீச்சியடித்த கான்க்ரீட்டுக்குப் பலம் வேண்டுமென்றால் கம்பிவலை கட்டியாக வேண்டும். வலையை யார் கட்டுவது? அப்போதுதான் வெடி வைத்த, எந்த நிமிஷமும் கல் உதிரக்கூடிய கூரைக்குக் கீழே மனிதர்கள் போய் நின்று, கையைத் தூக்கி, ஆணியடித்துக் கட்ட வேண்டும். வலையோ தட்டை, பாறையோ மேடு பள்ளம். இடையில் சந்து விழும். அதை நிரப்பக் கூடுதல் கான்க்ரீட். நிரம்பாமல் பின்னால் பொந்தாக நின்றுவிட்டால் வலை இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இழை வந்தது. வலை தேவைப்படவில்லை. கலவையிலேயே இரும்பு இருக்கிறது. யானைத் தும்பிக்கை மாதிரி ஓர் இயந்திரக் கை. ஆபரேட்டர் பத்திரமான கூரைக்குக் கீழே பின்னாலேயே நின்றுகொண்டு, தும்பிக்கையை முன்னே நீட்டிப் பீச்சுகிறார். நுனியில் சேரும் ஒரு மருந்து கான்க்ரீட்டைச் சீக்கிரம் இறுக வைக்கிறது. மேடு பள்ளம் எப்படியோ அப்படியே ஒட்டிக்கொள்ளும். பிறகு மலை 'கதைத்தால்' கல் கீறும், தோலும் கீறும், ஆனால் தோல் பை போல ஏந்திக்கொள்ளும். இழை விலை அதிகம்தான். ஆனால் வலை கட்டும் கூலி மிச்சம், நாட்கள் மிச்சம், கான்க்ரீட்டும் மிச்சம். கூரைக்குக் கீழே நின்ற ஆட்களும் மிச்சம். அந்தக் கடைசி வரவை எந்த லெட்ஜரில் எழுதுவது என்று எனக்குக் கல்லூரியில் சொல்லித் தரவில்லை.

ஆறு கிலோ மீட்டருக்கு ஒரு தடவை சுரங்கம் அகன்று ஒரு குகையாகிறது. இருபது நிமிஷம் ஒரே மாதிரி ஓட்டினால் டிரைவருக்குக் கண் செருகும் என்று மனோதத்துவ நிபுணர்களைக் கலந்து செய்த ஏற்பாடு. மேலே நீல வெளிச்சம், கீழே ஓரத்தில் மஞ்சள். சூரிய உதயம் மாதிரி. இறங்கி நின்றோம். சுவரைத் தொடப் போன என்னை அண்ணன் தடுத்தார். "வேண்டாம் தம்பி, இழை வெளியில நீட்டிக்கொண்டு இருக்கும். குத்திப்போடும்."

அந்த நீல வெளிச்சத்தில் எனக்கு உத்தராகண்டின் சில்க்யாரா ஞாபகம் வந்தது. 2023 நவம்பரில் சுரங்கம் சரிந்து 41 தொழிலாளர்கள் 17 நாட்கள் உள்ளே அடைபட்டுக் கிடந்தார்களே! அத்தனை பேரும் உயிரோடு வந்தார்கள் என்பது நாம் செய்த புண்ணியம்.

"அண்ணே, இந்த இழை போட்டால் பயமே இல்லை என்று சொல்லலாமா?"

"சீச்சீ! அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்று பதறினார். 2006 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் தினம். தெற்கே ஹானக்லைவ் என்ற சுரங்கத்தில் கூரை இடிந்து பாறைக் குவியல் சாலையில் விழுந்தது. பத்தே வருஷம் ஆன சுரங்கம். பண்டிகை நாள், போக்குவரத்து குறைவு, ஒருவருக்கும் காயம் இல்லை. அங்கேயும் பீச்சியடித்த கான்க்ரீட் இருந்தது. ஆனால் பின்னால் இருந்தது நல்ல பாறை அல்ல. ஈரம் பட்டால் ஊதிப் பெருக்கும் களிமண் கலந்த பலவீனமான பட்டை. அந்த இடத்துக்கு மெல்லிய தோல் போதாது, கனமான கான்க்ரீட் வளைவே வேண்டும். அதன் பிறகு சட்டதிட்டங்களை இறுக்கினார்கள்.

ஆக, இழை சஞ்சீவி மூலிகை அல்ல. வீட்டு உத்தரத்தில் கம்பிக்குப் பதிலாக ஒரு மூட்டை இழையைக் கொட்டிவிட்டுத் தூங்க முடியாது. சரியாகக் கலக்காவிட்டால் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி உருண்டை கட்டிக்கொள்ளும். தண்ணீர் காட்டாமல் காயவிட்ட கான்க்ரீட்டை அது காப்பாற்றாது. மேற்பரப்பில் துருப்புள்ளி தெரியும். பாறையைப் படிக்கத் தெரிந்தவன் கையில்தான் அது பலன் கொடுக்கும்.

நார்வே வரைக்கும் போக வசதி இல்லாதவர்கள் இமாசலத்தில் ரோதாங் கணவாய்க்கு அடியில் போகலாம். 2020 அக்டோபர் 3-ல் திறந்த 9 கிலோ மீட்டர் அடல் சுரங்கத்திலும் பாறையைப் பிடித்து நிறுத்த இந்த இழைக் கான்க்ரீட்டைப் பீச்சியிருக்கிறார்கள்.

அதற்கும் வசதி இல்லையா? வாசல் கதவைத் திறந்து தெருவில் இறங்குங்கள். பாதாளச் சாக்கடை மூடியைப் பாருங்கள். முன்பெல்லாம் வார்ப்பிரும்பு மூடி. ராத்திரி இருக்கும், காலையில் இருக்காது! பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுவார்கள். திறந்த குழியில் சைக்கிள்காரரோ, பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ, மழை நாளில் தண்ணீருக்கு அடியில் குழி இருப்பது தெரியாமல் நடந்து வருகிற யாரோ... இதற்கு மாற்றாக இரும்பு இழை போட்ட கான்க்ரீட் மூடியை உருவாக்கிக் கொடுத்ததில் நம்ம தரமணியில் உள்ள மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. லாரி ஏறினாலும் வெறும் கான்க்ரீட் மாதிரி படக்கென்று உடையாது. அதைவிடப் பெரிய குணம், திருடிக்கொண்டு போனால் காலணா பெறாது. எடைக்கு எடுத்துப் போனால் கடைக்காரர் நம்மைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்.

அடுத்த தடவை மூடியின் மேல் கால் வைக்கும்போது ஒரு விநாடி குனிந்து பாருங்கள். ஓரம் தேய்ந்த இடத்தில் சின்னதாக ஒரு துருப்பிடித்த இழை எட்டிப் பார்க்கும். செருப்பு போட்டுக்கொண்டு மிதியுங்கள். குத்திப்போடும்!